பழைய அலாய் வீலை வீட்டிலேயே உரித்துப் பாலிஷ் போட முடியுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். பெசன்ட் நகரில் கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு, பழைய கார், நான்கு 14 இஞ்ச் அலாய் வீல். நிறத்துக்கு மேலே அடிக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட் அங்கங்கே உரிந்து, அதற்கு அடியில் புழு ஊர்ந்த தடம் போல வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன. வெளி விளிம்பில் பிளாட்பாரம் உரசிய காயங்கள் வேறு. வெல்டிங் பட்டறைக்காரர் ப்ளோ லாம்ப் வைத்துச் சுட்டால் பெயிண்ட் கழன்றுவிடும் என்கிறார், எதிர்வீட்டுக்காரர் காஸ்டிக் சோடாவில் ஊறப்போடச் சொல்கிறார். கேட்பவருக்கு முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு வேண்டும், டயரைக் கழற்றாமலே செய்ய முடியுமா என்றும் கேட்கிறார்.

முடியும், வீட்டிலேயே செய்யலாம். ஆனால் அந்த இரண்டு யோசனைகளையும் இப்போதே தூக்கிப் போட்டுவிடுங்கள், இரண்டுமே வீலைக் கெடுக்கும். டயரைக் கழற்றியே ஆக வேண்டும். பாலிஷ் பேஸ்ட் எது வாங்கலாம் என்பதில் நிறையப் பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், நீங்களும் மூன்று பிராண்டுகளைக் குறிப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். அது கடைசி பத்து சதவீத வேலை. பளபளப்பு வருமா வராதா என்பது உப்புத்தாள் போடும்போதே முடிவாகிவிடுகிறது, அதனால் பதிலில் பெரும்பகுதியும் அதைப் பற்றித்தான் இருக்கும்.

முதலில் உங்கள் வீல் எந்த வகை என்று பாருங்கள். மேல் பூச்சு தகரத் தாள் போலக் கூர்மையான ஓரத்தோடு உரிந்து வந்தால் அது குரோம் முலாம். அதை வீட்டில் தொடவே கூடாது. குரோமும் அதன் அடியில் இருக்கும் நிக்கலும் உப்புத்தாளுக்கு எளிதில் மசியாது, கரைத்து எடுக்கும் வேலை முலாம் பட்டறைக்கு உரியது, அந்தக் கழிவும் நச்சு. முகப்பில் மையத்தைச் சுற்றி நெருக்கமான மெல்லிய வட்டக் கோடுகள் தெரிந்தால் அது டைமண்ட் கட், அதாவது லேத்தில் கடைந்து அதன்மேல் கிளியர் கோட் அடித்தது. அதைத் தேய்த்தால் அந்தக் கோடுகள் போய்விடும், திரும்ப வேண்டுமென்றால் கணினி இயக்கும் சிஎன்சி லேத்தில்தான் கடைய வேண்டும், ஒவ்வொரு முறை கடையும்போதும் வீல் கொஞ்சம் மெலியும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது சாதாரண சில்வர் பெயிண்ட் வீல் போலத் தெரிகிறது. அதற்கு இந்த வேலை தாராளமாகச் செய்யலாம்.

அந்தப் புழுத் தடம் என்ன என்றால், கிளியர் கோட்டில் ஒரு கல் பட்டு நுண்ணிய கீறல் விழுந்ததும் அது வழியாக உப்பும் ஈரமும் உள்ளே போய், பூச்சுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே நூல் நூலாக அரித்துக்கொண்டே நகர்கிறது. கடற்கரை ஓரத்து வண்டிகளில் இது சகஜம். மேலே எதைப் பூசினாலும் உள்ளே அது ஊர்ந்துகொண்டே இருக்கும், பூச்சை முழுக்க எடுத்து, அரித்த இடத்தை வெறும் உலோகம் வரை தேய்த்தால்தான் நிற்கும். அதனால் நீங்கள் உரிக்க முடிவு செய்தது சரிதான்.

டயரைக் கழற்றியதும் வீலை நன்றாகக் கழுவி, ஸ்போக்குகள் மையத்தோடு சேரும் மூலைகளையும் உள்பக்க விளிம்பையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல் தெரிந்தாலும் அந்த வீலுக்கு மேற்கொண்டு எந்தச் செலவும் வேண்டாம், மாற்றிவிடுங்கள். வீலை பேலன்சிங் மெஷினில் சுற்றச் சொல்லி வளைவு இருக்கிறதா என்றும் டயர் கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம். காற்று வால்வையும் எடுத்துவிடுங்கள், பழைய ரப்பர் வால்வு என்றால் திரும்பப் போடும்போது புதிதாகவே போடச் சொல்லுங்கள். ஒட்டும் வகை பேலன்ஸ் வெயிட்டுகளையும் இப்போதே பெயர்த்துவிடலாம், எப்படியும் கடைசியில் மறுபடி பேலன்ஸ் செய்ய வேண்டும்.

இப்போது ப்ளோ லாம்ப் விஷயம். காரில் வரும் வார்ப்பு அலாய் வீல்கள் பெரும்பாலும் ஏ356 என்ற கலவை. அலுமினியத்தோடு சுமார் 7 சதவீதம் சிலிக்கான், அரை சதவீதத்துக்கும் குறைவாக மெக்னீசியம். இதற்கு வலு வெறும் வார்ப்பினால் வருவதில்லை. வார்த்த பிறகு ஏறக்குறைய 540 டிகிரி செல்சியஸில் வைத்து, தண்ணீரில் சட்டென்று குளிரவைத்து, அப்புறம் சுமார் 155 டிகிரியில் சில மணி நேரம் வைத்துப் பதப்படுத்துவார்கள். டி6 என்று சொல்வது இதைத்தான். ப்ளோ லாம்ப் சுடர் ஒரே இடத்தில் நின்றால் அந்த இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 300 டிகிரியைத் தாண்டிவிடும், அங்கே அந்தப் பதம் போய் உலோகம் மென்மையாகிவிடும். இரும்பு என்றால் நிறம் மாறி, சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் உருகப் போகிற நிமிடம் வரை அதே வெள்ளையாகத்தான் இருக்கும். கெட்டுப்போனது கண்ணுக்கே தெரியாது, பிறகு ஒரு நாள் ஈசிஆர் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் பள்ளத்தில் இறங்கும்போதுதான் தெரியும். ஹீட் கன் விஷயத்திலும் எனக்குத் தயக்கம் உண்டு, அது இல்லாமலே இந்த வேலை முடியும் என்பதால் விட்டுவிடுங்கள்.

காஸ்டிக் சோடா இரும்புக் கேட்டில் இருக்கும் பழைய பெயிண்டை எடுக்க நல்லது, எதிர்வீட்டுக்காரர் அந்த அனுபவத்தில் சொல்லியிருப்பார். அலுமினியத்தை அது தின்றுவிடும். சும்மா சொல்லவில்லை, சோடியம் ஹைட்ராக்சைடு அலுமினியத்தைக் கரைத்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும், கரைசல் தானாகவே கொதிக்கிற அளவுக்குச் சூடாகும், மூடிய இடத்தில் ஒரு பொறி போதும். வீலை வெளியே எடுத்துப் பார்த்தால் கரி பூசியது போலக் கறுத்துப் போயிருக்கும், அலுமினியம் கரைந்து போக மிஞ்சிய சிலிக்கான்தான் அந்தக் கறுப்பு. அடைப்பு எடுக்கும் தூளும் இதே சமாச்சாரம்தான். பாத்ரூம் ஆசிடும் வேண்டாம். புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு, பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி. ஆனால் அலுமினியப் பாத்திரத்தில் புளிக்கரைசலை வைக்காதே என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்களே, அதே காரணம் இங்கேயும் பொருந்தும். புளிப்பும் உப்பும் சேர்ந்தால் அலுமினியத்தில் ஊசிக் குழிகள் விழும்.

ஆகவே பெயிண்ட் ரிமூவர்தான் வழி. ஆனால் அதை வாங்கும்போது டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பெயிண்ட் கடைகளில் கிடைக்கும் வீரியமான ரிமூவர்களில் மெத்திலீன் குளோரைடு இருக்கும், டைகுளோரோமீத்தேன் என்றும் போட்டிருப்பார்கள். வேலை செய்வதில் அதற்கு ஈடு இல்லை, பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைத்த பவுடர் கோட்டிங்கைக்கூடத் தோல் போலத் தூக்கிவிடும். ஆபத்திலும் அப்படித்தான். அதன் ஆவி மூடிய அறையில் மயக்கத்தையும் மரணத்தையும் கொண்டுவரும், உடலுக்குள் போனதும் கார்பன் மோனாக்சைடாக வேறு மாறும். அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரையிலான காலத்தில் குளியல் தொட்டிகளைப் புதுப்பிக்கும் வேலையில் இதைப் பயன்படுத்திய 13 பேர் இறந்தது அரசு ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது. அங்கே 2019-இல் பொதுமக்களுக்கு இந்த ரிமூவரை விற்பதையே தடை செய்தார்கள். நம் ஊரில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் ஜாக்கிரதை நம் கையில்தான் இருக்கிறது.

மொட்டைமாடியிலோ வாசலிலோ, காற்று ஓடுகிற திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள். கார் ஷெட், பேஸ்மெண்ட் பார்க்கிங், பால்கனியில் பாதி மூடிய மூலை, எதுவும் வேண்டாம். சாதாரண துணி மாஸ்க் இதற்கு ஒன்றும் செய்யாது, கரிக் கேட்ரிட்ஜ் மாஸ்க்கைக்கூட இந்த ஆவி சீக்கிரம் கடந்துவிடும், எனவே மாஸ்க்கை நம்பி மூடிய இடத்தில் உட்காராதீர்கள். நீல நிற நைட்ரைல் கையுறை வழியாகச் சில நிமிடங்களில் உள்ளே இறங்கிவிடும். தடிமனான கையுறை, அதுவும் நனைந்தால் உடனே கழற்றி மாற்றுவதற்கு இன்னொரு ஜோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், தோலில் பட்டால் எரியும், உடனே கழுவ வேண்டும். குழந்தைகள், வீட்டு நாய், யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது. பென்சைல் ஆல்கஹால் வகை ரிமூவர் கிடைத்தால் அதையே வாங்குங்கள் என்பேன். மெதுவாகத்தான் வேலை செய்யும், இரவு முழுக்க மூடி வைக்க வேண்டியிருக்கும், இரண்டு மூன்று முறை பூசவும் வேண்டியிருக்கும், ஆனாலும் மனசு நிம்மதியாக இருக்கும்.

மெத்திலீன் குளோரைடு வகைதான் கிடைத்தது என்றால் ஒரு விஷயம். அது கிட்டத்தட்ட 40 டிகிரியிலேயே கொதித்துவிடும், சென்னை வெயிலில் பூசிய வீலில் அது வேலை செய்யும் முன்பே பறந்துவிடும். காலை 6 மணி வாக்கில், நிழலில் வைத்துச் செய்யுங்கள். டப்பாவைத் திறக்கும்போது உள்ளே அழுத்தம் இருக்கும், மேலே துணியைப் போட்டு மெதுவாகத் திறக்க வேண்டும். பழைய எவர்சில்வர் கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு, அந்தக் கிண்ணம் திரும்பச் சமையலறைக்குள் போகக்கூடாது, பிரஷ்ஷில் தாராளமாகத் தொட்டு ஒரே திசையில் கனமாக வைத்துக்கொண்டே போங்கள். பெயிண்ட் அடிப்பது போல முன்னும் பின்னும் இழுக்காதீர்கள். இந்த ரிமூவரில் கொஞ்சம் மெழுகு கலந்திருப்பார்கள், பூசியதும் அது மேலே ஏடு போலப் படர்ந்து ஆவி போகாமல் தடுக்கும், திரும்ப இழுத்தால் அந்த ஏடு கிழிந்துவிடும். உடனே மேலே பாலித்தீன் ஷீட்டைப் போட்டு மூடுங்கள். 15, 20 நிமிடத்தில் பெயிண்ட் சுருங்கிக் குமிழ்விட்டு எழும்பும். அதைப் பிளாஸ்டிக் பட்டித் தகட்டால் வழித்து நியூஸ் பேப்பரில் சேருங்கள். இரும்புத் தகடு கீறிவிடும். நட் குழிகளையும் ஸ்போக் இடுக்குகளையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கலாம். இரும்பு வயர் பிரஷ் மட்டும் வேண்டவே வேண்டாம், ஆழமாகக் கீறுவதோடு அதன் இரும்புத் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து, மழைக்குப் பிறகு துருப் புள்ளிகளாக வந்து நிற்கும்.

ஒரு சுற்றில் எல்லாம் வந்துவிடாது. மேலே கிளியர், அதன்கீழ் நிறம், அதற்கும் கீழே ப்ரைமர், அந்த ப்ரைமர்தான் பிடிவாதம் பிடிக்கும். இரண்டாவது, மூன்றாவது முறை பூசத் தயங்காதீர்கள், சுரண்டி எடுக்கப் பார்ப்பதைவிட அது நல்லது. முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகு தின்னர் தொட்ட துணியால் ஒருமுறை துடையுங்கள், மெழுகு மிச்சம் இருந்தால் உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும். வழித்த சகதியைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், வெளியிலேயே முழுக்கக் காயவிட்டு, தனியாகக் கட்டி, ஆபத்தான கழிவு என்று சொல்லி மாநகராட்சிக் குப்பை வண்டியில் கொடுங்கள்.

மணலை வேகமாக அடித்துப் பூச்சை எடுக்கும் மணல் வீச்சுக்குக் (சாண்ட் பிளாஸ்டிங்) கொடுத்துவிட்டால் ஒரே மணி நேரத்தில் முடியுமே என்று கேட்டால், மீண்டும் பெயிண்டோ பவுடர் கோட்டிங்கோ அடிக்கப் போகிறீர்கள் என்றால் அது நல்ல வழி. பாலிஷ் போடப் போகிற முகத்துக்கு வேண்டாம், மணல் கொத்திய சொரசொரப்பை எடுக்கவே உங்களுக்கு இன்னொரு நாள் போய்விடும்.

பிளாட்பாரத்தில் உரசிய விளிம்புக்கு முதலில் அரம். மெல்லிய பல் உள்ள தட்டை அரத்தை எடுத்து, அதன்மேல் சாக்பீஸைத் தேய்த்துக்கொள்ளுங்கள். அலுமினியம் மென்மையானது, அரத்தின் பற்களுக்குள் அப்பிக்கொண்டு, அந்தக் கட்டியே வீலில் புதுக் கோடு கிழிக்கும். சாக்பீஸ் தூள் அதை ஒட்டவிடாது. மேடாகத் துருத்திக்கொண்டிருப்பதை மட்டும் சமப்படுத்துங்கள். பள்ளத்தின் அடி வரை போக வேண்டும் என்று ஒரே இடத்தில் ராவினால் விளிம்பு அங்கே மட்டும் குழிந்து, வண்டி ஓடும்போது தள்ளாடுவது போலத் தெரியும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆழமான காயத்தை அப்படியே விட்டு ஓரங்களை மட்டும் மழுக்குவது நல்லது. டயர் உட்காரும் இடம், ஹப்பில், அதாவது காரில் வீல் மாட்டும் முனையில், பொருந்தும் பின்பக்கப் பரப்பு, நட் உட்காரும் கூம்புக் குழி, இந்த மூன்றிலும் அரமோ முரட்டுத் தாளோ படக்கூடாது. டயர் உட்காரும் இடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் ஸ்காட்ச் பிரைட்டால் லேசாகத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள், பழைய அலாய் வீலில் காற்று மெல்ல இறங்குவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

சரி, உப்புத்தாள். கறுப்பு வாட்டர் பேப்பர் வாங்குங்கள். 220, 320, 400, 600, 800, 1000, 1500, 2000, நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும். காயம் அதிகம் என்றால் அந்த இடத்துக்கு மட்டும் 120-இல் தொடங்கலாம். இடையில் எதையும் தாண்டிப் போகாதீர்கள். 320 போட்டுவிட்டு நேராக 1000-க்குப் போனால், 1000 நம்பர் தாள் 320-இன் கீறல்களுக்கு மேல்முனையை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்கும், பள்ளம் அப்படியே இருக்கும். ஈரத்தில் பார்த்தால் அற்புதமாக இருக்கும். துணி வீலைச் சுற்றவிட்டுப் பளபளப்பேற்றும் பஃபிங் முடிந்து வெயிலில் வைத்ததும் அத்தனை கோடும் ஒன்றுவிடாமல் எழுந்து நிற்கும், அப்போது 320-க்கே திரும்பிப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு நம்பர் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதுதான் இந்த வேலையின் உயிர். ஒவ்வொரு தாளையும் முந்தைய தாளுக்குக் குறுக்குத் திசையில் போடுங்கள். 220-ஐ விளிம்போடு வட்டமாகப் போட்டீர்களா, 320-ஐ மையத்திலிருந்து வெளியே குறுக்காகப் போடுங்கள். அப்போது பழைய கீறல் ஒரு பக்கமும் புதியது வேறு பக்கமுமாகத் தனியாகத் தெரியும், பழைய திசையில் ஒரு கோடுகூட மிச்சமில்லாத வரை அந்த நம்பரை விடாதீர்கள். ஈரமாக இருக்கும்போது தண்ணீரே கீறலை மறைத்துவிடும், அதனால் ஒவ்வொரு நம்பர் முடிவிலும் துடைத்துக் காயவைத்து, மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மேலே இருந்து அடிக்கும் வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. சந்தேகம் இருந்தால் ஸ்கெட்ச் பேனாவால் அங்கங்கே கிறுக்கிவிட்டு அடுத்த தாளைப் போடுங்கள், கீறலுக்குள் மை தங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

எப்போதும் தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, ஈரமாகவே தேய்க்க வேண்டும். தாள் அடைக்காமல் இருப்பதற்கு மட்டுமல்ல. காய்ந்த அலுமினியத் தூள் நுண்ணியதாகக் காற்றில் பறந்தால் தீப்பிடிக்கக் கூடியது, நுரையீரலுக்கும் கெடுதல், பக்கத்தில் யாராவது கிரைண்டரில் இரும்பை அறுத்துப் பொறி பறக்கவிட்டால் இன்னும் மோசம். ஈரச் சகதியைத் திறந்தே காயவிடுங்கள், மூடி போட்ட டப்பாவில் அடைக்காதீர்கள், அலுமினியத் தூளும் தண்ணீரும் சேர்ந்து மெல்ல ஹைட்ரஜன் விடும். நம்பர் மாறும்போது வாளித் தண்ணீரையும் மாற்றுங்கள், வீலையும் கையையும் கழுவுங்கள். 220-இன் ஒரு மணி 1000-க்கு நடுவே மாட்டினால் போதும், எங்கிருந்து வந்தது என்றே தெரியாத நீளக் கோடு ஒன்று விழும்.

தாளை வெறும் விரலால் பிடித்துத் தேய்த்தால் விரல் இருக்கும் இடம் மட்டும் குழியும். பழைய ஹவாய் செருப்பை ஒரு சதுரமாக வெட்டி அதில் சுற்றிக்கொள்ளுங்கள், பெயிண்ட் பட்டறைகளில் காலம்காலமாகப் பயன்படுவது, வளைவுக்கும் வளைந்துகொடுக்கும், தண்ணீரிலும் ஊறாது. ஸ்போக்கின் உள்வளைவுகளுக்கு ரப்பர் ஹோஸ் துண்டு.

இங்கேதான் உங்கள் ஆசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளச் சொல்வேன். வார்ப்பு வீலில் ஸ்போக்குகளின் பக்கவாட்டும் உள்பக்கமும் அச்சில் வந்த சொரசொரப்போடு இருக்கும், அதைத் தேய்த்து எடுத்தால் சில இடங்களில் உள்ளே இருந்து ஊசித்துளைகள் வெளியே வரும், அவற்றைத் துரத்திக்கொண்டே போனால் உலோகம்தான் குறையும். வெளி விளிம்பையும் ஸ்போக்குகளின் முன்முகத்தையும் மட்டும் பாலிஷ் செய்து, மற்றதை எல்லாம் சாம்பல் அல்லது சில்வர் பெயிண்ட் அடித்துவிடுங்கள். பார்வைக்கும் அதுதான் எடுப்பு, பளபளப்புக்குப் பக்கத்தில் மங்கல் இருந்தால்தான் பளபளப்பு தெரியும். இப்படிச் செய்தாலும் கையால் ஒரு வீலுக்கு ஒரு முழு நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வீலாகச் செய்யலாம், ஆனால் அதை வைத்துக்கொண்டு நெடுந்தூரம் போக வேண்டாம், உங்கள் ஸ்டெப்னி இரும்பு வீல் என்றால் அதற்கான நட் வேறாக இருக்கலாம், அதையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

மெஷின் இருந்தால் 600 அல்லது 800-லேயே உப்புத்தாளை நிறுத்திவிட்டு பஃபிங்குக்குப் போகலாம். முதலில் கெட்டியான சைசல் நார் வீல் அல்லது தைத்த துணி வீலில் டிரிபோலி என்ற பழுப்பு நிறப் பாலிஷ் கட்டி, பிறகு மென்மையான துணி வீலில் வெள்ளைக் கட்டி. பச்சைக் கட்டி எவர்சில்வருக்கு. ஒரு கட்டிக்கு ஒரு துணி வீல், கலந்துவிடக் கூடாது. கட்டியைச் சுற்றும் துணி வீலில் ஒரு நொடி தொட்டால் போதும், அள்ளி அப்பினால் கறுப்புக் கறுப்பாகக் கோடு விழும். துணி வீல் கறுத்து இறுகிப்போனால் ஓடிக்கொண்டிருக்கும்போது பழைய ஆக்சா பிளேடின் பல்பக்கத்தை லேசாகக் காட்டுங்கள், மேல்தோல் உதிர்ந்து மென்மையாகிவிடும். ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே நிற்காதீர்கள், நிறையத் தேய்த்தால் நிறையப் பளபளக்கும் என்பது தவறு. இந்தக் கலவையில் இருக்கும் சிலிக்கான் கடினம், சுற்றியிருக்கும் அலுமினியம் மென்மை, அளவுக்கு மீறினால் மென்மையானது மட்டும் குழிந்து ஆரஞ்சுத் தோல் போன்ற ஒரு மேடுபள்ளம் வந்துவிடும்.

கை டிரில்லிங் மெஷினில் 4 இஞ்ச் துணி வீலை மாட்டிச் செய்யலாம். ஆங்கிள் கிரைண்டரில் மாட்டுபவர்கள் இருக்கிறார்கள், 4 இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை ஓடும், நீங்கள் வாங்கும் துணி வீலில் அவ்வளவு வேகத்துக்கு உரியது என்று போட்டிருந்தால் தவிர மாட்டாதீர்கள். லுங்கி, தோளில் துண்டு, தொளதொளச் சட்டை, துணிக் கையுறை, இவற்றோடு சுற்றும் பஃப் பக்கத்தில் உட்காரவே கூடாது. ஸ்போக் இடுக்கின் ஓரத்தில் துணி வீல் மாட்டினால் மெஷினையே கையிலிருந்து பிடுங்கி எறியும், அதனால் ஓரத்தை நோக்கி அல்ல, ஓரத்தை விட்டு விலகிச் சுழலும்படி பிடியுங்கள். இன்னொன்று, காரை ஜாக்கியில் ஏற்றி, கியரில் போட்டு வீலைச் சுற்றவிட்டு உப்புத்தாளை வைத்துப் பிடிக்கும் வித்தையை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கச் சக்கரம் தரையில் நிற்க மறுபக்கம் மட்டும் சுற்றும்போது, இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் காரணமாக அது ஸ்பீடோமீட்டர் காட்டுவதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். ஸ்போக்குகளுக்கு நடுவே ஒரு விரல் போனால் முடிந்தது. தயவு செய்து வேண்டாம்.

மெஷின் இல்லை என்றால் 2000 வரை கையாலேயே போய்விட்டு, பிறகு ஆட்டோசால் போன்ற உலோகப் பாலிஷ் பேஸ்ட். பிராஸோவும் வேலை செய்யும், கொஞ்சம் நேரம் கூட ஆகும். பழைய பருத்தி பனியன் துணியில் பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் தேய்க்க வேண்டும். துணி மையாகக் கறுக்கும், பயப்பட வேண்டாம், தேய்ந்து வரும் அலுமினியமும் அதன் ஆக்சைடும்தான் அது. பேஸ்ட் காய்ந்து போகும் முன்பே துடைத்துவிடுங்கள். கடைசியில் ஒரு கறுப்புப் படலம் எவ்வளவு துடைத்தாலும் போகாமல் நிற்கும். அதற்குக் கொஞ்சம் மைதா மாவைத் தூவி, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் லேசாகத் துடையுங்கள். எண்ணெயையும் கறுப்பையும் மாவு உறிஞ்சிக்கொண்டு வந்துவிடும். அமெரிக்காவில் பெரிய லாரிகளின் அலுமினிய வீல்களுக்குப் பாலிஷ் போடுபவர்களும் மாவுதான் பயன்படுத்துகிறார்கள். அந்த ஒரு துடைப்பில் மேகம் மூடியிருந்த பரப்பு சட்டென்று திறந்து, கூரை ஓட்டின் வரிசை அதில் தெரியும், இத்தனை நாள் தோள் வலித்ததற்கு அந்த ஒரு நிமிடம் தகும்.

அப்புறம்தான் உங்கள் வீட்டு முகவரி பிரச்சினையாகிறது. பூச்சில்லாத அலுமினியம் காற்றுப் பட்ட உடனே தன்மேல் ஒரு நுண்ணிய ஆக்சைடு படலத்தைப் போட்டுக்கொள்ளும், அது நல்லதுதான், அதுவே பாதுகாப்பு. ஆனால் கடல் காற்றின் உப்பு அந்தப் படலத்தைத் துளைத்துக் குழி போடும். பெசன்ட் நகரில் சும்மா விட்டால் சில வாரங்களிலேயே மங்கத் தொடங்கும், மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, மாதம் ஒருமுறை பேஸ்ட்டால் ஒரு கை பார்த்து, மேலே சிந்தெடிக் சீலண்ட் போட வேண்டும். சாதாரணக் கார் மெழுகு பிரேக் சூட்டில் நிற்காது. வாட்டர் வாஷ் கடையில் விட்டால் ஆசிட் கலந்த வீல் கிளீனரையோ காரமான நுரையையோ அடித்துவிடுவார்கள், ஒரே நாளில் சாம்பல் பூத்துவிடும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் அல்லது வீட்டிலேயே கழுவுங்கள்.

மேலே கிளியர் கோட் அடித்துவிடலாமே என்று கேட்பீர்கள். கண்ணாடி போல வழவழப்பான அலுமினியத்தில் கிளியர் கோட்டுக்குப் பிடிப்பே கிடைக்காது, ஒரு கல் பட்டதும் உரியத் தொடங்கி, நீங்கள் எதற்காக இவ்வளவு பாடுபட்டீர்களோ அதே புழுத் தடம் திரும்பி வரும். அனோடைஸ் செய்வதும், அதாவது மின்சாரம் பாய்ச்சி ஆக்சைடு படலத்தைத் தடிமனாக்குவதும், இந்த வார்ப்புக் கலவைக்கு ஒத்துவராது, சிலிக்கானால் அழுக்குச் சாம்பலாகிவிடும். அதனால் மாதாமாதம் இதற்காக ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியும், அந்த வேலையே பிடிக்கும் என்றால் கண்ணாடிப் பளபளப்புக்குப் போங்கள், அதற்கு ஈடான அழகு எந்தப் பெயிண்டிலும் கிடையாது. முடியாது என்றால் நான் சொல்வது இது: 400 வரை தேய்த்துவிட்டு, சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட்டால் ஒரே வட்டத் திசையில் இழுத்து, பட்டு போன்ற மங்கல் மினுமினுப்பில் நிறுத்துங்கள். அந்த நுண்கீறல்களில் கிளியர் கோட் நன்றாகப் பிடிக்கும். அதை ஒரு நல்ல பெயிண்ட் பூத்திலோ பவுடர் கோட்டிங் பட்டறையிலோ கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள், வெறும் அலுமினியத்துக்கு ஏற்ற முன்பூச்சு போட்டு அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் 2கே கிளியரில் மூச்சுக்கு ஆபத்தான ஐசோசயனேட் இருக்கிறது, வீட்டில் அடிக்கிற சமாச்சாரம் இல்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த இரண்டாவது வழிக்குத்தான் போவேன்.

திரும்ப மாட்டும்போது ஹப்பின் நடுக்கழுத்தில் துருவை எடுத்துவிட்டு, ஆன்டி சீஸ் கிரீஸை மிக மெல்லிசாகத் தடவுங்கள், இரும்பும் அலுமினியமும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. போல்ட் மரையிலோ நட் குழியிலோ அது படக்கூடாது. அந்தக் குழிகளிலும் ஹப்பில் பொருந்தும் பரப்பிலும் பெயிண்டும் பாலிஷ் பிசுக்கும் இருக்கக் கூடாது. டயர் கடையில் காற்று அடித்ததும் விளிம்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழ் வருகிறதா பாருங்கள், பேலன்ஸ் செய்யும்போது கொக்கி வெயிட்டை விளிம்பில் அடிக்க விடாமல் உள்பக்கம் ஒட்டும் வெயிட்டே போடச் சொல்லுங்கள். நட்டுகளைக் குறுக்கு வரிசையில், வண்டிக் கையேட்டில் இருக்கும் டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.